கட்டியவருக்குத் தெரிந்த விமானம்

அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் ஒரு சிறு பிரிவு உண்டு. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே ஒருவர் விமானம் கட்ட இறங்கி, அதன் பெரும்பகுதி வேலையைத் தன் கையால் முடித்திருந்தால், அந்த விமானம் 'பரிசோதனை' வகையில் பறக்கலாம் என்கிறது அது. போயிங்கும் செஸ்னாவும் வாங்கியாக வேண்டிய தரச்சான்று இதற்குத் தேவையில்லை. பாதிக்கு மேல் சொந்த உழைப்பாக இருக்க வேண்டும் என்பதால் பட்டறைப் பேச்சில் இதை '51 சதவீத விதி' என்பார்கள். இந்த விமானத்தில் கூலிக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றக் கூடாது. ஏறும் வாசலருகே 'எக்ஸ்பெரிமென்டல்' என்று குறைந்தது இரண்டு அங்குல உயர எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். தரச்சான்று பெற்ற விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகள் இதற்குப் பொருந்தாது என்ற எச்சரிக்கையும் உள்ளே உட்காரும் பயணியின் கண்ணில் பட வேண்டும்.

இந்த விதியின் கீழ் கார் ஷெட்டுகளிலும் வாடகைக் கொட்டகைகளிலும் கட்டப்பட்ட விமானங்கள் அங்கே பல்லாயிரம் பறந்துகொண்டிருக்கின்றன. பல் மருத்துவரும் பள்ளி ஆசிரியரும் ஓய்வுபெற்ற மெக்கானிக்கும் கட்டியவை. வீட்டில் கட்டிய விமானம் என்றதும் கேட்பவர் வாயில் முதலில் வருவது, 'அது பறக்குமா?' என்பதுதான். பறக்கும். அந்தக் கவலை எப்போதோ தீர்ந்துவிட்டது. தீராத கவலை வேறு ஒன்று. கட்டியவரின் தலைக்குள் இருக்கும் அறிவு அந்த இயந்திரத்தில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது? அவர் பக்கத்தில் இல்லாத நாளில், இன்னொருவர் கையில் அது எப்படி நடந்துகொள்ளும்?

இந்தக் கலைக்கு வயது அதிகம். ரைட் சகோதரர்களே சொந்தப் பட்டறையில் கட்டியவர்கள்தான். 1929-ல் மினசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு 'மாடல் ஏ' கார் எஞ்சினைப் பொருத்தி மர விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். அந்த வரைபடத்தை வைத்து இன்றும் கட்டுகிறார்கள். பிரான்சில் ஆன்ரி மினியே 1930-களில் 'பூ-து-சியேல்' என்ற குட்டி விமானத்தை வடிவமைத்தபோது ஐரோப்பாவே அதன் பின்னால் ஓடியது. ஆனால் தலைகுப்புற இறங்கும்போது சில நிலைகளில் அதை மீட்க முடியவில்லை. அடுத்தடுத்துச் சாவுகள். முழு அளவு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒன்றின் காற்றோட்டத்தை மற்றொன்று கெடுப்பது தெரியவந்தது. வடிவத்திலேயே பிழை இருந்தால் கட்டுபவரின் கைநேர்த்தி எதையும் காப்பாற்றாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது ஓர் இயக்கமானது. 1953-ல் மில்வாக்கியில் பால் போபரெஸ்னி 'எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்து, எஞ்சின் உட்பட 800 டாலருக்குள் விமானம் கட்டுவது எப்படி என்று 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் அவர் எழுதிய தொடர், சங்கத்தை நாடெங்கும் கொண்டுபோனது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் ஒவ்வொரு கோடையிலும் அவர்கள் கூடும் திருவிழாவின்போது, அந்தச் சிற்றூர் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம் உலகிலேயே மிக நெரிசலான கோபுரமாகிவிடுகிறது.

ஒரு ரிவெட், இரண்டு பேர்

இன்று வீட்டில் கட்டப்படும் விமானங்களில் பெரும் பங்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆரிகன் மாநிலத்து விவசாய வீட்டில், சொந்த ஓடுபாதையின் ஓரத்தில் வளர்ந்த ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் வடிவமைத்த 'ஆர்வி' வரிசை அது. 1971-ல் ஒற்றை இருக்கை ஆர்வி-3 பறந்தது. அதன் பிறகு வந்த வடிவங்களையும் சேர்த்தால், இதுவரை 11,000-க்கும் மேற்பட்ட ஆர்வி விமானங்கள் வெவ்வேறு மனிதர்களின் கைகளில் உருவாகிப் பறந்திருக்கின்றன. இருவர் அமரும் ஆர்வி ஒன்றைக் கட்ட சுமார் 1,500 முதல் 2,000 மணி நேர உழைப்பு வேண்டும். வேலைக்குப் போய்விட்டு வந்து மாலையிலும் ஞாயிறிலும் கட்டுபவருக்கு அது பல ஆண்டுகள்.

பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். முதலில் வால், பிறகு இறக்கைகள், பிறகு உடல், கடைசியில் சக்கரம், கண்ணாடி மூடி, எஞ்சின் உறை. வாலை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அது சிறியது, செலவு குறைவு, பிழை செய்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தகடு வாங்கலாம். இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று வாலை முடிப்பதற்குள் ஒருவருக்குத் தெரிந்துவிடும். விலைக்கு வரும் அரைகுறை விமானங்களில், வால் மட்டும் முடித்து நின்றுபோனவை நிறைய.

தகடு, 2024 என்ற எண்ணால் அழைக்கப்படும் அலுமினியக் கலவை. மேலும் கீழும் மெல்லிய தூய அலுமினியப் பூச்சு உண்டு, துருவைத் தடுக்க. வேலை ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். கிளெக்கோ எனும் சிறு கவ்விகளால் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்க வைத்து, துளைகளை இறுதி அளவுக்கு டிரில் செய்ய வேண்டும். பிரித்து, ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் பிசிறு எடுக்க வேண்டும். ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாகப் படியும்படி துளையைச் சுற்றிக் குழி அடிக்க வேண்டும். பிரைமர் பூச வேண்டும். மறுபடி சேர்த்த பிறகுதான் ரிவெட். ஒரு விமானத்தில் இது பத்தாயிரம் தடவைக்கு மேல்.

ரிவெட் அடிக்கும்போது பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியை வைத்து அடிக்க, உள்ளே இன்னொருவர் கனமான எஃகுக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். வால் நசுங்கி, தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் கொண்ட வில்லையாக வேண்டும். குறைந்தால் பிடிமானம் போதாது, மிஞ்சினால் வெடிப்பு விடும். கட்டி ஒரு நொடி நழுவினால் தகட்டில் பள்ளம். அதனால்தான் பல விமானங்களின் கட்டுமானக் குறிப்பேட்டில் கட்டியவரின் பெயருக்குப் பக்கத்தில் மனைவியின் பெயரும் மகளின் பெயரும் இருக்கின்றன. இறக்கையின் குறுகிய உட்புறத்துக்குள் நுழையும் மெல்லிய கை வீட்டில் யாருக்கு இருக்கிறதோ, அவருக்குத்தான் கட்டி பிடிக்கும் வேலை.

ஒரு சின்னத் துளை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு வான்கிரன்ஸ்வனின் நிறுவனமே அண்மையில் சான்றாக நின்றது. உற்பத்தியை விரைவுபடுத்த, சில பாகங்களின் துளைகளை லேசரால் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். குழி அடித்தபோது அப்படிப்பட்ட சில துளைகளின் விளிம்பில் வெடிப்பு கண்டதாகக் கட்டுபவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். பாகங்களை மாற்றித்தரும் செலவும் பிற இழப்புகளும் சேர்ந்து, 2023 டிசம்பரில் நிறுவனம் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்கும் நிலைக்கு வந்தது. 2024-ல் அதிலிருந்து மீண்டது. வெடிப்பைக் கண்டது, ஒவ்வொரு துளையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள். தொழில்முறை ஆய்வாளரிடம்கூட எதிர்பார்க்க முடியாத அக்கறை அது.

பெட்ரோல் போகும் பாதை

இறக்கையும் வாலும் பொருத்தி, சக்கரத்தில் நிற்க வைத்தால், பார்ப்பவர் கண்ணுக்கு விமானம் முடிந்துவிட்டது. கட்டுபவர்களோ தொண்ணூறு சதவீதம் முடிந்தது, இன்னும் தொண்ணூறு சதவீதம் பாக்கி என்பார்கள். எஞ்சின், எரிபொருள், மின்சாரம், கருவிகள் என்று இனிமேல் வருவதுதான் நீண்டது. என் பார்வையில் உயிரைத் தீர்மானிப்பதும் இதுதான். வீட்டில் கட்டிய விமானங்களில் ரிவெட் விட்டு இறக்கை கழன்று விழுவது அரிது. எஞ்சின் நிற்பது அரிதல்ல.

எஞ்சின் பெரும்பாலும் லைகமிங் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின், 160 அல்லது 180 குதிரைத்திறன். காற்றால் குளிர்வது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு இரண்டு தனித்தனி மேக்னட்டோ. ஒன்று செத்தாலும் மற்றொன்று ஓட்டும். மேக்னட்டோ தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்வதால் பேட்டரி செத்தாலும் எஞ்சின் நிற்காது. நவீன எலக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பவர்கள் எரிபொருளைக் கொஞ்சம் மிச்சப்படுத்துவார்கள். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். அதனால் இரண்டாவது பேட்டரியோ மாற்று வழியோ வேண்டும். ஒன்றை மாற்றினால் அதன் பின்னால் மூன்றை யோசிக்க வேண்டிய வேலை இது.

எரிபொருள் டேங்க், ஆர்வி-களில் இறக்கையின் முன்பகுதியே. உள்ளே பையோ தனிப் பெட்டியோ கிடையாது. தகடுகளின் ஒவ்வொரு மூட்டிலும் கறுத்த, நாற்றமடிக்கும், கையில் பட்டால் போகாத ஒரு பசையைப் பூசி, அது காய்வதற்குள் ரிவெட் அடிக்க வேண்டும். பிறகு டேங்கின் வாயில் பலூனைக் கட்டிக் காற்றடைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுபவர்கள் இதைத்தான் அதிகம் வெறுக்கிறார்கள்.

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய் சில அடி நீளம்தான். அந்தச் சில அடியில் எத்தனை விஷயங்கள்! புகைபோக்கி அருகே போனால் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் அடைபடும். டேங்குக்குள் காற்று நுழையும் சிறு துவாரத்தைக் குளவி மண் வைத்து அடைத்தாலும் போதும், ஓட்டம் குறையும். கட்டும்போது உள்ளே விழுந்த அலுமினியத் துகளும் பசைத் துணுக்கும் முதல் சில மணி நேரப் பறப்பில் கிளம்பி வடிகட்டியை அடைக்கும். அதனால் பறப்பதற்கு முன், மூக்கை மேலேறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, எஞ்சின் முனையில் குழாயைக் கழற்றி, நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் வருகிறது என்று அளக்க வேண்டும். முழுத் திறனில் எஞ்சின் குடிப்பதைப்போல், பம்ப் வைத்த அமைப்பில் 125 சதவீதமும், தானாக வழிந்து வரும் அமைப்பில் 150 சதவீதமும் வர வேண்டும் என்பது எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானத் துறையின் அறிவுரை. இறக்கை கீழே இருக்கும் விமானங்களில் பெரும்பாலும் இடது டேங்க், வலது டேங்க் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. விமானிதான் ஒரு வால்வைத் திருப்பி மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பதில் ஒரு பெரிய கதை இருக்கிறது.

மான்டரே கடற்கரை, 1997

பர்ட் ருட்டன், வீட்டில் கட்டும் விமானத்தின் தோற்றத்தையே மாற்றியவர். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருந்துகொண்டு, நுரைப் பலகையைச் சூடான கம்பியால் வெட்டி, அதன்மேல் கண்ணாடி இழையையும் எப்பாக்ஸியையும் பூசி, இறக்கையைக் கட்டும் முறையைப் பரப்பினார். சிறு இறக்கை முன்னால், எஞ்சின் பின்னால். அவருடைய 'லாங்-ஈஸி' அதிகம் கட்டப்பட்ட வடிவங்களில் ஒன்று. குறைந்த எரிபொருளில் நீண்ட தூரம் போகக்கூடியது.

டெக்சாஸில் ஒருவர் கட்டிய அப்படியொரு லாங்-ஈஸியைப் பாடகர் ஜான் டென்வர் பழைய விமானமாக வாங்கினார். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் அவருக்கு. ருட்டனின் வரைபடப்படி எரிபொருள் வால்வின் கைப்பிடி விமானியின் இரு கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர், விமானி உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் குழாய் வரக் கூடாது என்று நினைத்தார். அது நல்ல எண்ணம்தான். அதனால் வால்வைப் பின்பக்கத் தடுப்பில், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்தார். கைப்பிடியில் எந்தக் குறியும் இல்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய்களும் விமானிக்குப் பின்னால். அவற்றிலும் அளவுக் குறி இல்லை.

1997 அக்டோபர் 12 அன்று, கலிபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்தில் டென்வரும் ஒரு டெக்னீஷியனும் அந்தக் கைப்பிடி எட்டாததைப் பற்றிப் பேசினார்கள். இடுக்கியை மாட்டி நீட்டிப் பார்த்தார்கள், உதவவில்லை. பின்னால் இருக்கும் அளவைப் பார்க்க டெக்னீஷியன் ஒரு கண்ணாடி கொடுத்தார். பெட்ரோல் நிரப்ப வேண்டுமா என்ற கேள்விக்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். தேவைப்பட்டால் ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு வால்வைத் திருப்புவதாகத் திட்டம். சிறிது நேரத்தில், பசிபிக் குரோவ் கரைக்கு அப்பால், சில நூறு அடி உயரத்திலிருந்து விமானம் கடலில் பாய்ந்தது.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் புலனாய்வாளர்கள் வேறொரு லாங்-ஈஸியில் உட்கார்ந்து பார்த்தார்கள். தோளுக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடியைத் திருப்ப, விமானி கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்து கையை எடுத்து, தோள் பட்டையைத் தளர்த்தி, உடம்பையே திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தானாகவே வலது சுக்கான் மிதியை அழுத்துகிறது. வால்வைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறியதும், அறியாமல் சுக்கானை மிதித்ததும் விபத்துக்குக் காரணம் என்று வாரியம் முடிவு செய்தது. எரிபொருள் நிரப்பாததையும், அந்த வகை விமானத்தில் போதிய பழக்கம் பெறாததையும் சொன்னது. குறியில்லாத கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்த, கட்டியவரின் முடிவையும் சேர்த்தே எழுதியது.

அந்தக் கைப்பிடி கட்டியவருக்குத் தொந்தரவாகவே இருந்திருக்காது. அதை வைத்தவர் அவர். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று அவர் கைக்குத் தெரியும். விற்றபோது விமானம் போனது, அந்த அறிவு போகவில்லை. 2011-ல் நடந்த விபத்துகளை ஆராய்ந்து 2012-ல் இதே வாரியம் வெளியிட்ட அறிக்கை இதைப் பெரிய அளவில் காட்டியது. அமெரிக்கச் சிறு விமானங்களில் வீட்டில் கட்டியவை சுமார் 10 சதவீதம். விபத்துகளில் அவற்றின் பங்கு 15 சதவீதம், உயிர்ச்சேத விபத்துகளில் 21 சதவீதம். எஞ்சின் கோளாறும் கட்டுப்பாட்டை இழப்பதும் முன்னணிக் காரணங்கள். விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல், ஓட்டியவர் கட்டியவை அல்ல, பிறரிடம் வாங்கியவை.

கருவிப் பலகையின் ஆசை

கருவிப் பலகைதான் கட்டுபவரின் கனவு. தரச்சான்று கட்டாயமில்லை என்பதால், பெரிய திரைகள் கொண்ட மின்னணுக் கருவிகள் தொழிற்சாலை விமானங்களைவிடக் குறைந்த விலையில் இந்த விமானங்களில் நுழைந்துவிட்டன. டைனான், கார்மின் போன்ற நிறுவனங்கள் இவர்களுக்கென்றே தனிவரிசை செய்கின்றன. வேகம், உயரம், திசை, எஞ்சின் வெப்பம், பக்கத்தில் பறக்கும் பிற விமானங்கள் என்று அனைத்தும் ஒரே திரையில் தெரியும். இறக்கை காற்றைப் பிடிக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்று முன்கூட்டியே காதில் ஒலிக்கும் கருவியை நான் இவற்றில் முதலிடத்தில் வைப்பேன். 2020 ஜனவரி 1 முதல் நெரிசலான வான்வெளியில் பறக்க, தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவியும் கட்டாயம்.

அனுபவசாலிகள் சொல்வது, பலகையைக் கடைசியில் வாங்கு என்பதுதான். வால் கட்டத் தொடங்கும்போது வாங்கிய திரை, பறக்கும் நாளில் பழசாகியிருக்கும். இன்னொன்று, எடை. ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு அடி ஒயரும் எடை. கட்டி முடித்ததும் மூன்று சக்கரங்களின் கீழும் மூன்று தராசுகளை வைத்து, எடை மையம் எங்கே விழுகிறது என்று கணக்கிட வேண்டும். பின்னால் விழுந்தால் விமானம் நிலைகொள்ளாது. ஆசையாய் வாங்கி வைத்த பொருளைத் தராசின் முன்னால் கழற்றியவர்கள் பலர்.

அடுத்தது பெயர்ப்பட்டி. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஃபியூசுக்கும் வால்வுக்கும், இது என்ன, எந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்று எழுதி ஒட்டுவது. கட்டுபவருக்கு அது வீண் வேலையாகத் தோன்றும், எல்லாம் அவருக்குத் தெரியுமே. இந்த முழு வேலையிலும் மலிவானதும் மிக முக்கியமானதும் இதுதான் என்பேன்.

கட்டி முடித்தாலும் பறக்க அனுமதி வாங்க வேண்டும். நம் நாட்டில் இந்தப் பாதை இன்னும் கரடு. மும்பை காந்திவலியில் தன் குடும்ப வீட்டின் மொட்டைமாடியில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், 2016 பிப்ரவரியில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதை மக்கள் முன் வைத்தார். பதிவு எண் கிடைத்தது 2017 நவம்பரில். தகடும் எஞ்சினும் தடையாக இல்லை. கட்டி முடித்ததை எந்த விதியின் கீழ் பறக்கவிடுவது என்பதில் அவர் செலவிட்ட ஆண்டுகளைத் திருப்பித்தர யாராலும் முடியாது.

அமெரிக்காவில் ஆய்வாளர் வந்து பார்த்து அனுமதி எழுதியதும் சோதனைக் காலம் தொடங்குகிறது. தரச்சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் இணைந்திருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம். ஊர்களுக்கு விலகிய ஒரு குறிப்பிட்ட பரப்புக்குள், பயணி இல்லாமல் பறக்க வேண்டும். 2014-லிருந்து அந்த வகை விமானத்தில் தேர்ந்த ஒருவரை உடன் அமர்த்திக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். கட்டியவருக்கு அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ஆண்டுச் சோதனை செய்யும் சான்றிதழையும் எஃப்.ஏ.ஏ. தருகிறது. பத்தாயிரம் ரிவெட்டையும் பார்த்தவர் அவர் என்ற நம்பிக்கை அது. விமானத்தை விற்றால் அந்தச் சான்றிதழ் வாங்கியவருக்குப் போகாது.

அண்மையில், வெறும் மணிக்கணக்கை ஓட்டுவதற்குப் பதிலாக, குறிப்பிட்ட சோதனைகளை ஒவ்வொன்றாக முடித்து, அவற்றின் முடிவுகளைக் கொண்டு அந்த விமானத்துக்கென ஒரு கையேடு எழுதும் வழியையும் எஃப்.ஏ.ஏ. ஏற்றுக்கொண்டிருக்கிறது. எந்த எடையில் எந்த வேகத்தில் இறக்கை சக்தி இழக்கிறது, எஞ்சின் நின்றால் எந்த வேகத்தில் இறங்குவது, எந்த டேங்கில் எவ்வளவு பெட்ரோல் உண்மையில் பயன்படும் என்பதெல்லாம் இந்த ஒரு விமானத்தில் அளந்த எண்களாக அதில் இருக்கும். பழைய விமானம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கையேட்டை. பிறகு இருக்கையில் உட்கார்ந்து, தோள் பட்டையை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி எரிபொருள் வால்வைத் தொட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால், விலை பேசுவதற்கு முன் வால்வை இடம் மாற்றச் சொல்ல வேண்டும்.